மாரிக்கு முன் வளவு வேலை, நடுவில் காற்று: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் சனி, ஞாயிறுகளில் கத்திச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மூதூரிலிருந்து தம்பி குடும்பம் வரும், நிலாவெளியிலிருந்து மச்சாள் வருவா, பிள்ளைகள் கடகத்தோடு ஓடித்திரிவார்கள். மாரி மழைக்கு முன் வளவைத் துப்புரவாக்கி, பீலியில் கிடக்கும் சருகை அள்ளி, கூரைக்கு மேல் சாய்ந்த கொப்புகளை வெட்டிவிட வேண்டும் என்பதுதான் எல்லா வீட்டிலும் நோக்கம். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பின்னேரம் காற்றுக் கிளம்பி, எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டு ஓடவேண்டி வருகிறது. இந்த முறையும் அப்படித்தான் நடந்தது.

காற்று ஓய்ந்த பிறகு அயலட்டையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விகள். போன வருடமும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்து மணல் வளவுகளும் நகரத்துக்குள் இருக்கும் சின்ன வளவுகளும்தான் என் மனதில் இருந்தவை.

"எல்லாரும் ஐப்பசியிலதான் வளவு துப்புரவாக்கினம். அது சரியான காலந்தானே?"

பாரமான வேலைக்கு அது பிந்திய காலம். எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரைக்குள்தான் விழுகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வறண்டு, சூடாகி வருகிறது. இந்த இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்டதுதான் ஐப்பசி. காலையில் வெயில் எரிக்கும், பின்னேரம் இடியும் சுழன்றடிக்கும் காற்றும் வரும். ஏணி வைத்து மரத்தில் ஏறும் வேலையை அந்த மாதத்தில் வைத்துக்கொண்டால் காற்றைத் தேடிப் போவதாகத்தான் முடியும்.

மரம் வெட்டுவதை ஆவணிக் கடைசியிலும் புரட்டாதியிலும், வெயில் ஏறமுன் காலையில் முடித்துவிடுங்கள். சரஸ்வதி பூசைக்குக் கத்தி, மண்வெட்டியைக் கழுவித் தீட்டிப் பொட்டு வைக்கிறோமே, அதற்குள் கொப்பு வேலை முடிந்திருந்தால் நல்லது. தீபாவளி லீவுக்குத்தான் குடும்பம் ஒன்றுசேரும் என்றால், ஐப்பசிக்குப் பீலி, வாய்க்கால், வேலி போன்ற நிலத்தில் நின்று செய்யும் வேலைகளை மட்டும் மிச்சம் வையுங்கள்.

"காற்று வரப்போகுது எண்டு முன்னமே எப்பிடித் தெரியும்? வெயில் எறிச்சுக்கொண்டிருக்கேக்கதானே வருது!"

ஐப்பசிப் பின்னேரக் காற்றுக்குக் கடலைப் பார்த்துப் பயனில்லை. அந்த முகில்கள் நிலத்தின் மேல், வெயில் சூட்டில் கட்டுகின்றன. கன்னியா, பன்குளம் பக்கமாக மேற்கைப் பாருங்கள். பூக்கோவா மாதிரி வெள்ளையாக உயர்ந்துகொண்டு போகும் முகிலின் அடி கறுக்கத் தொடங்கினால் அது வளர்கிறது என்று அர்த்தம். மத்தியானம் வரை வந்த கடற்காற்று திடீரென்று நின்று, இலை அசையாமல் புழுங்கினால் கவனம் இன்னும் வேண்டும்.

கடைசி அறிகுறி குளிர்ந்த காற்று. மழையோடு குளிர்ந்து பாரமான காற்று முகிலிலிருந்து கீழே விழுந்து, நிலத்தில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. அது மழைக்கு முன்னமே எங்களை வந்தடையும். அந்தக் குளிர் உடம்பில் பட்டதிலிருந்து முழு வேகம் வர ஐந்து, பத்து நிமிடம்கூட ஆகாமல் போகலாம். அப்போது கத்தியைத் தேடி எடுத்து வைக்க நேரம் இருக்காது. எனவே குளிர் படும்வரை காத்திருக்க வேண்டாம். முகிலின் அடி கறுத்ததும் ஏணியை இறக்குங்கள்.

"இது புயலோ, சும்மா காற்றோ? எங்கட அம்மம்மா எதுக்கும் அறுபத்திநாலாம் ஆண்டுப் புயல் எண்டுதான் சொல்லுவா."

அம்மம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி திருகோணமலைப் பக்கத்தைத் தாக்கிய புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புயல் சிதைத்தது. 2000 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் கரையில் இன்னொரு புயல் ஏறியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியது. எல்லாம் நவம்பர், டிசம்பர் மாதங்கள் என்பதைக் கவனியுங்கள்.

மணிக்கு 62 கிலோமீற்றர் வேகம் வந்த பிறகுதான் வங்காள விரிகுடாத் தாழமுக்கத்தைப் புயல் என்கிறார்கள். அது கடலில் உருவாகிப் பல மணிநேரம் வீசும், வானிலைத் திணைக்களம் முன்கூட்டியே அறிவிக்கும். ஐப்பசிப் பின்னேரக் காற்று ஒரு முகிலின் வேலை. அரை மணிநேரத்துக்குள் ஓய்ந்துவிடலாம். எங்கள் ஒழுங்கைக்கென்று தனி அறிவித்தல் வராது. செய்தியில் 'மினி சூறாவளி' என்று சொல்வது பெரும்பாலும் இப்படியான காற்றைத்தான். ஆனால் அந்த அரை மணிநேரத்தின் உச்சத்தில் வேகம் புயலளவுக்குப் போகக்கூடும் என்பதால், 'சும்மா காற்று' என்ற சொல்லை நான் ஒருபோதும் பாவிப்பதில்லை.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் ஆள் இருக்குது. எதை முதல் செய்யிறது?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். எங்கள் வீடுகளில் முதலில் முற்றம் கூட்டுவார்கள், ஏனென்றால் அது உடனே வடிவாகத் தெரியும். பிறகு ஒரேயடியாக எல்லா மரத்திலும் கை வைப்பார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பார்த்தால் மாவில் பாதி வெட்டிய கொப்பு தொங்கும், கூரையில் கழற்றிய சீற் கிடக்கும், முற்றம் முழுக்க ஓலை. காற்று வருவதும் அந்த நேரம்தான். தொடாமல் விட்ட வளவைவிடப் பாதியில் நிற்கும் வளவுதான் காற்றில் ஆபத்தானது. தொடாத கொப்பு மரத்தோடு பிடித்து நிற்கும். பாதி அரிந்தது முதல் வீச்சிலேயே கூரைக்கு வந்துவிடும்.

ஆகவே எந்த நிமிடத்தில் காற்று வந்தாலும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகக்கூடியதாக வேலை இருக்கவேண்டும். சனி காலை முதல் வேலை, பறக்கக்கூடியதைப் பொறுக்குவது: பழைய தகரம், பிளாஸ்டிக் கதிரை, உடைந்த சீற், பூச்சட்டி. அடுத்தது கூரையும் பீலியும். பிறகு மரம், அதுவும் ஒவ்வொன்றாக. ஒரு மரத்தில் வெட்டியதை இறக்கி, இழுத்து, அடுக்கிக் கட்டிய பிறகுதான் அடுத்த மரத்துக்குக் கத்தி போகவேண்டும். மத்தியானத்தோடு ஏணி வேலை முடிந்தது. பின்னேரம் நிலத்து வேலை. வேலியும் வாய்க்காலும் கிணற்றடியும் ஞாயிறுக்கு. முற்றம் கூட்டுவது எல்லாவற்றிலும் கடைசி.

"காற்றுத் துவங்கிட்டுது, மரத்தில ஆள் நிக்கிறார். இன்னும் ஒரு கொப்புத்தான். முடிச்சிட்டு இறங்கலாந்தானே?"

வேண்டாம். பெரிய கொப்புகள் அசைந்து, குடை பிடிக்க முடியாமல் இருந்தால் காற்று ஏற்கெனவே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டுவிட்டது. முழு மரமும் ஆடினால் 50க்கு மேல். அந்த ஆட்டத்தில் கத்தியை ஓங்கும் கையால் மரத்தைப் பிடிக்க முடியாது.

கத்தியைக் கீழே எறியாமல் கயிற்றில் இறக்கிவிட்டு ஆள் இறங்கட்டும். கீழே நிற்பவர்கள் மரத்தின் உயரத்துக்கு அப்பால் விலகட்டும். பாதி அரிந்த கொப்பு இருந்தால் அதற்குக் கயிறு போட்டுத் தண்டோடு இறுக்கிவிடலாம், அதுவும் காற்று இன்னும் மெல்லியதாக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கொப்பு விழுந்தாலும் பரவாயில்லை, அதன் கீழ் யாரும் நிற்காமல் பாருங்கள்.

"இடி தூரத்திலதானே கேக்குது, மழையும் இல்லை. கிணத்தடியில நிண்டு கைகால் கழுவிட்டு வாறன் எண்டால் ஏன் விடமாட்டியள்?"

இடி காதில் விழுந்தாலே மின்னல் உங்களைத் தொடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. மழை விழாத இடத்திலும் மின்னல் விழும்.

தனித்து நிற்கும் தென்னைக்குக் கீழும், தகரக் கொட்டிலிலும், கம்பி வேலிக்குப் பக்கத்திலும் ஒதுங்கவேண்டாம். குழாய்த் தண்ணீரில் கை வைப்பதும், வயர் போட்ட தொலைபேசியில் கதைப்பதும் பிறகு. கதவுகள் மூடிய சீமெந்து வீடு அல்லது மூடிய வாகனம் போதும்.

"வெட்டின குழை, ஓலை, கொப்பு எல்லாம் குவிச்சபடி கிடக்குது. காத்துக்குள்ள எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

காற்று வந்த பிறகு எங்கேயும் கொண்டுபோக முடியாது. அதனால்தான் மரத்துக்கு மரம் அடுக்கிக் கட்டச் சொன்னேன். பாரமான கட்டைகளை மதிலோரம் நிலத்தோடு படுக்கவையுங்கள். சின்னக் கொப்புகளை ஒரே பக்கமாக அடுக்கி, மேலே இரண்டு பாரமான கட்டை வைத்துக் கயிறு போடுங்கள். காய்ந்த தென்னோலையின் மட்டை முனை காற்றில் வந்தால் யன்னல் கண்ணாடி உடையும், ஆகவே அதைத் தனியாகக் கட்டவேண்டும்.

தறப்பாளால் மூடிவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. நாலு மூலையும் இறுக்கிக் கட்டாத தறப்பாள் தானே பறந்து கரண்ட் வயரில் போய்ச் சிக்கும். குவியலை ஒழுங்கையிலோ வாய்க்கால் வாயிலோ வைக்காதீர்கள், மழை வந்ததும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் குழை மணத்துக்கு வந்து, கூடவே கிடக்கும் பொலித்தீனையும் தின்றுவிடுகின்றன. அந்த வாயில்லாச் சீவன்களுக்காகவாவது பொலித்தீனைத் தனியாகக் கட்டி உள்ளே வையுங்கள்.

"மேல வச்சிருக்கிற தண்ணித் தாங்கியைக் காத்துத் தூக்குமோ?"

வெறும் தாங்கியைத் தூக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லீற்றர்த் தாங்கி நிரம்பியிருந்தால் அரைத் தொன் பாரம், அதை ஐப்பசிக் காற்று அசைக்காது. பலர் வளவு வேலைநாளில்தான் தாங்கியைக் கழுவுவோம் என்று வெறுமையாக்கி, மூடியையும் கழற்றி வைக்கிறார்கள். கழுவுவதென்றால் காலையில் கழுவி, மத்தியானத்துக்குள் நிரப்பி, மூடியை முறுக்கிவிடுங்கள். கரண்ட் போனால் மோட்டரும் நின்றுவிடும் என்பதால் நிரம்பிய தாங்கி இரண்டு வகையில் உதவும்.

"சீற் பறக்காமல் இருக்கக் கல்லுத் தூக்கி வைக்கலாமோ? எல்லாரும் வைக்கினம்."

தளர்ந்த கல்லை வைக்காதீர்கள். சீற் ஒரு பக்கம் கிளம்பினால் கல் உருண்டு விழும். கீழே பிள்ளை நின்றால் என்ன ஆகும்? மணல் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவது நல்லது. அதைவிட நல்லது, தளர்ந்த ஆணிகளையும் கொக்கிகளையும் புரட்டாதியிலேயே மாற்றுவது. காற்று முதலில் கூரையின் ஓரத்தையும் மூலையையும்தான் கிளப்பும், அங்கே முதலில் பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறவேண்டி வந்தால் சீற்றின் நடுவில் கால் வைக்கவே கூடாது. கீழே மரச்சட்டம் போகும் வரியில் பலகை போட்டு அதில் நில்லுங்கள். உடைந்த அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், மேலும் நொறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, தடித்த பையில் போட்டுக் கட்டுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

"காத்து நிண்ட உடனே வெளியில வந்து பார்க்கலாமோ?"

ஐப்பசிப் பின்னேரக் காற்று என்றால், இடிக்குச் சொன்ன அந்த 30 நிமிடம் பொறுத்து வரலாம். அறிவிக்கப்பட்ட புயல் என்றால் கதை வேறு. புயலின் கண் எங்களுக்கு மேலால் போகும்போது காற்று ஒரேயடியாக நின்று, வானம்கூட வெளிக்கலாம். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். முதல் அடியில் சாய்ந்து நின்ற மரங்கள் அந்த இரண்டாவது அடியில்தான் விழும். புயலில் காற்று நின்றது என்று நினைத்து ஓடு பொறுக்கப் போகவேண்டாம். வானொலியில் அறிவிக்கும்வரை உள்ளே இருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வெளியே வந்ததும் நிலத்தைப் பார்க்கமுன் மேலே பாருங்கள். வயர் அறுந்து தொங்குகிறதா, மரம் வயரில் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலடி. கரண்ட் இல்லை என்பதற்காக வயரில் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். எந்த நிமிடமும் திரும்ப வரும், பக்கத்து வீட்டு ஜெனரேற்றரிலிருந்தும் வரக்கூடும். விழுந்த வயருக்கும், அது தொடும் வேலிக்கும், அது கிடக்கும் தண்ணீருக்கும் கிட்டப் போகாமல், அயலாரையும் மறித்துவிட்டு மின்சார சபையின் 1987க்கு எடுங்கள். காய்ந்த தடியால் தள்ளிவிடுவோம் என்று யாராவது வந்தால் அவரையும் மறியுங்கள். உங்கள் வீட்டு ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ யன்னலோரத்திலோ ஓடவிட வேண்டாம், அதன் புகைக்கு மணமில்லாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.

"சரிஞ்ச மரத்தை நாங்களே அரிஞ்சு எடுக்கலாமோ, ஆள் பிடிக்கவேணுமோ?"

மரம் முழுவதும் நிலத்தில் கிடந்து, கைவாளால் அரியக்கூடிய கொப்புகள் என்றால் நீங்களே செய்யலாம். வயரில், கூரையில், இன்னொரு மரத்தில் தாங்கி நிற்பதைத் தொடாதீர்கள். சங்கிலி வாள் வைத்திருக்கும் மரம் அரியும் ஆளைக் கூப்பிடுங்கள். வேரோடு கிளம்பிய மரம் இன்னும் ஆபத்து. மேல்பாரம் அரிந்து போனதும் அடிக்கட்டை திடீரென்று நிமிர்ந்து குழிக்குள் விழலாம். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடுவதைக் கண்டிருக்கிறேன், உடனே மறியுங்கள்.

அரியும்போது நுனியிலிருந்து அடிக்கு வாருங்கள். வளைந்து இறுகி நிற்கும் கொப்பின் உள்வளைவில் முதலில் சிறிதாக அரிந்து, பிறகு வெளிப்பக்கம் அரிந்தால் அது தெறிக்காது. நிற்கும் மரத்தில் முறிந்த பெரிய கொப்புக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அரிவது முதலாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக அரிவது இரண்டாவது. பாரம் போன பிறகு, கொப்புத் தண்டில் சேரும் தடித்த வளையத்தை விட்டு வெளியே அரிவது மூன்றாவது. அந்த வளையம் தப்பினால் மரமே காயத்தை மூடிக்கொள்ளும்.

"அடுத்த வருசம் விழாமல் இருக்க மாமரத்தை மொட்டையா வெட்டிவிட்டால் நல்லந்தானே?"

மொட்டை அடித்த மரம் இரண்டு மாரிக்குள் அதே இடத்திலிருந்து ஒரு கொத்துத் தளிர் விடும். அந்தத் தளிர்கள் மேற்பட்டையில்தான் ஒட்டியிருக்கும், பெருத்ததும் முதலில் முறிவதும் அவைதான். நடுவில் நெருக்கும், ஒன்றோடொன்று உரசும், காய்ந்த கொப்புகளை எடுத்துக் காற்றுக்கு வழி விடுவதுதான் முறை. எல்லாப் பக்கமும் சமமாக எடுங்கள். கூரைப் பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டே போனால் மரம் மற்றப் பக்கம் பாரமாகிச் சாயும், பெரும்பாலும் அது அடுத்த வீட்டுப் பக்கம்.

இன்னொன்று, வாய்க்கால் வெட்டும்போது மரத்தடியை ஒட்டி வெட்டாதீர்கள். மாரியில் மணல் நிலம் ஊறி இளகியிருக்கும்போது மரத்தை நிறுத்துவது அகலமாக ஓடும் வேர்தான். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்து வேர் அறுந்தால், எவ்வளவு பெரிய வேம்பும் சாயும்.

"முருங்கை அடியோட முறிஞ்சு போச்சு. வாழையும் பப்பாசியும் சரிஞ்சிட்டுது. எதைக் காப்பாத்தலாம்?"

முருங்கைக்குக் கவலையே வேண்டாம். முறிந்த அடியைச் சாய்வாக, தண்ணீர் தங்காமல் அரிந்துவிட்டால் அது திரும்பத் தளிர்க்கும். முறிந்த கொப்புகளில் கை மொத்தத்தில் ஒரு மீற்றர் நீளத் துண்டுகள் எடுத்து, ஓரிரு நாள் நிழலில் வெட்டுவாய் காயவிட்டு நடுங்கள், மாரி மழைக்கு வேர்பிடிக்கும். பூவரசும் கிளுவையும் அப்படித்தான். காற்று முறித்ததையே கதியாலாக்கி வேலிப் பொட்டுகளில் நட்டுவிடலாம். இலையை வீணாக்காமல் அன்றிரவே வறையாக்கி அயலுக்கும் கொடுங்கள்.

குலை போட்ட வாழை நடுவில் முறிந்தால் அந்த மரம் திரும்பாது. குலை முற்றியிருந்தால் வெட்டிக் கறிக்கு எடுத்து, நல்ல குட்டி ஒன்றை விடுங்கள். பப்பாசி முறிந்தால் புதிதாக நடுவதுதான் வேகம். இளம் மா, தேசி, மாதுளை வேரோடு சாய்ந்தால் அன்றோ மறுநாளோ, மண் ஈரமாக இருக்கும்போதே மெதுவாக நிமிர்த்தி, மண் போட்டு மிதித்து, மூன்று பக்கம் கயிறு கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்காதபடி பழைய சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றலாம். கடற்கரையோர வளவுகளில் இலைகளில் உப்பு படிந்திருக்கும், நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

"தென்னை சாஞ்சு நிக்குது, வெட்டவேணுமோ? ஓலையைக் குறைச்சால் காணாதோ?"

சாய்ந்த தென்னை எல்லாம் விழும் தென்னை இல்லை. கரையோரத்தில் சாய்ந்தபடியே பல வருடம் காய்க்கும் மரங்கள் இருக்கின்றன. அடியைப் பாருங்கள். நிலம் வெடித்து வேர் கிளம்பியிருந்தாலோ, போன கிழமையைவிட இன்று சாய்வு கூடியிருந்தாலோ, சாயும் பக்கத்தில் வீடு இருந்தாலோ ஆள் பிடித்து இறக்கத்தான் வேண்டும். மற்றப்படி விடலாம்.

காய்ந்த ஓலை, பாளை, பன்னாடை, முற்றிய தேங்காய், இவ்வளவும் மாரிக்கு முன் இறங்கவேண்டும். பச்சை ஓலையில் கை வைக்காதீர்கள். தென்னைக்கு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு ஓலைதான் வருகிறது, கொக்கத்தடியால் ஒரேயடியாக வெட்டினால் அந்த இழப்பு ஈடாக நெடுநாள் போகும், காயும் குறையும். விழுந்த தென்னங்குற்றியை வளவில் உக்கவிடவும் வேண்டாம். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு அதற்குள்தான் முட்டையிடும்.

"பக்கத்து வளவு மரம் எங்கட மதிலில விழுந்திட்டுது. முதலே சொன்னனாங்கள், கேக்கேல்லை. இப்ப ஆர் செலவு குடுக்கிறது?"

கோபம் விளங்குகிறது. ஆனாலும் முதல் வேலை இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஆபத்தை அகற்றுவது. அதற்கு முன் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துவையுங்கள், கிராம சேவையாளருக்கும் அறிவியுங்கள். விறகும் கட்டையும் மரத்துக்காரருடையவை, கேட்காமல் விற்காதீர்கள், பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது.

பேசி முடியாவிட்டால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சட்டத்தரணி இல்லாமலே உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். ஆனால் நல்ல வழி அடுத்த புரட்டாதியில் இருக்கிறது. இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் ஆள் பிடித்து எல்லை மரங்களை வெட்டினால் கூலியும் பாதி.

"வீட்டுக்குப் பக்கத்தில பலா நிக்குது, பனையும் நிக்குது. பயமா இருக்கு. ஞாயிறு தறிச்சுவிடட்டோ?"

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. உங்கள் வளவில் நீங்களே நட்டதானாலும் அப்படித்தான். கிராம சேவையாளர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள், வீட்டுக்கு ஆபத்து என்பதைப் படத்தோடு எழுதுங்கள். காய்ந்த ஓலை, காய்ந்த கொப்பு எடுப்பது தறிப்பது ஆகாது. பனை ஆழமாக வேர்விட்ட மரம், வளவில் காற்றுக்குக் கடைசியாக விழுவதும் அதுதான். பனையைக் கண்டு பயப்படாதீர்கள்.

"இவ்வளவு குப்பையையும் என்ன செய்யிறது? நெருப்பு வச்சால் சுகந்தானே?"

கச்சான் காலத்தில் வைத்தால் பொறி பறந்து வேலி எரியும். மாரியில் வைத்தால் ஈரக்குழை புகைந்து ஒழுங்கையில் இருக்கும் முட்டுக்காரரை வாட்டும். எங்கள் மணல் நிலத்துக்கு இல்லாத ஒன்றே ஒன்று பசளைச் சத்து, அதைக் கையால் எரிக்கலாமா? சருகைத் தென்னையடியில், தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வட்டமாகப் பரப்புங்கள். பொச்சு மட்டையைக் குழி வெட்டி அடுக்கிப் புதைத்தால் கச்சான் காலம் வரை ஈரம் பிடித்து வைத்திருக்கும். தென்னோலையில் நல்லதைக் கிடுகுக்கு எடுங்கள். வேப்பங்கட்டை அடுப்புக்கு.

"காத்தடிச்சு ஒரு கிழமையில எல்லாருக்கும் காய்ச்சல் வருது. காத்தால வாறதோ?"

காற்றால் அல்ல, காற்றோடு வந்த மழைத்தண்ணீரால். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் எடுக்கிறது. சிரட்டை, குரும்பட்டி விழுந்த பீலி, தறப்பாளின் மடிப்பு, கவிழ்ந்து கிடக்கும் சீற் துண்டின் குழி, வாளி மூடி எல்லாவற்றிலும் அது வளரும். முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்கு மறக்கக்கூடாது. ஞாயிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய வேலை சிரட்டை பொறுக்குவதுதான். கிழமைக்கு ஒருமுறை தொடருங்கள்.

வெள்ளத் தண்ணீர் கிணற்றுக்குள் போயிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடும்வரை கொதித்தாறிய நீர்தான். வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில் நிற்கவேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். ஆணி குத்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஏற்பு ஊசிக்குப் போங்கள்.

"கொப்புக் குவியலைக் கிளறேக்க பாம்பு நிக்குமோ? கடிச்சால் கட்டுப் போடுறதோ?"

நிற்கும். மழையில் வளை நிறைந்த பாம்பு காய்ந்த குவியலைத்தான் தேடும். கையால் கிளறாமல் நீளத் தடியால் முதலில் தட்டிப் புரட்டுங்கள், சப்பாத்துப் போடுங்கள், பொழுதுபட்ட பிறகு குவியலைத் தொடாதீர்கள்.

கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கீறுவதும் வேண்டாம், உறிஞ்சுவதும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இன்னொருவர் கடிவாங்குவதைவிட, தூரத்தில் நின்று படம் எடுத்தால் வைத்தியருக்கு அது போதும். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள் காற்றடித்த கிழமையில் கட்டிலில் படுங்கள், விரியன் வீட்டுக்குள்ளும் வரும்.

"சனி காத்து, ஞாயிறு வெயில். ஆள் எல்லாம் பின்னேரம் போயிடும். மிச்ச வேலையை ஓட்டமா முடிச்சிடட்டோ?"

எல்லோருக்கும் பஸ்ஸுக்குப் போகும் அவசரம், இரவு நித்திரையும் குறைவு, மரமெல்லாம் வழுக்கும். கை வெட்டுப்படுவதும் ஏணி சறுக்குவதும் இந்த ஞாயிற்றுக் காலையில்தான். சனி விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதலில் ஒரு பெரியவர் வளவைச் சுற்றி வந்து, காற்று என்ன மாற்றியிருக்கிறது என்று பார்க்கட்டும். நேற்று உறுதியாக நின்ற கொப்பு இன்று வெடித்திருக்கலாம், நேற்று ஏணி வைத்த இடம் இன்று சேறாக இருக்கலாம்.

பிறகு தேவையானதை மட்டும் செய்யுங்கள். தொங்கும் கொப்புகளுக்குக் கீழே நடமாட்டத்தை மறித்துக் கயிறு கட்டுங்கள். பீலியில் புதிதாக விழுந்த சருகை எடுத்து, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். தாங்கியை நிரப்புங்கள், பறக்கக்கூடியதை உள்ளே எடுங்கள். இதுவரை தொடாத மரத்தைத் தொடவே வேண்டாம், அதை அடுத்த புரட்டாதிக்கு எழுதிவையுங்கள். தம்பி குடும்பத்தைப் பகல் சோற்றோடு வெளிச்சத்திலேயே அனுப்பிவிடுங்கள், மழைக்காலப் பின்னேரத்தில் மூதூர் வரை மோட்டச்சைக்கிளில் போவது எளிதல்ல. போகமுன் ஏணி, அலவாங்கு, கயிறு எது எந்த வீட்டுக்காரருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த காற்றுக்கு அந்த வீட்டுக்காரருக்கும் அவை தேவைப்படும்.